பிளேடு அக்காவின் கைத்தோல்

ஆய்வகத்தில் எல்லோரும் அவளைப் பிளேடு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பேசியே ஆளை அறுப்பவள் என்று நினைத்துவிட வேண்டாம். அவள் வாயிலிருந்து ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை உதிர்ந்தால் அதிகம். அறுப்பதெல்லாம் கைதான்.

அறுவை அறையிலிருந்து டப்பாவில் வரும் சதைத் துண்டு மெழுகில் புதைந்து ஒரு கட்டியாக அவளிடம் வந்து சேரும். கட்டியை இயந்திரத்தில் மாட்டிக் கைப்பிடியைச் சுழற்றினால், ஊதினால் பறந்துவிடும் மெல்லிசில் நாடா நாடாவாகச் சீவல்கள் இறங்கும். அதைச் சின்னத் தூரிகையால் ஏந்தி வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிடுவாள். சுருக்கம் விரிந்ததும் அடியில் ஸ்லைடைக் கொடுத்து அள்ளிக்கொள்வாள். கேட்க எளிதாக இருக்கும். செய்து பார்த்தால்தான் தெரியும். இருபத்தாறு வருடமாக அதே ஸ்டூலில் உட்கார்ந்து சீவியதில் அவள் முதுகு கேள்விக்குறியாகிவிட்டது. கை அதைவிட மோசம். ஸ்பிரிட்டிலும் மருந்திலும் ஊறி ஊறி விரல்கள் வெடித்து, தோல் செதில் செதிலாக உரியும்.

அந்தத் தோல்தான் ஒரு தடவை அவள் மானத்தை வாங்கியது. நம் தோலும் நகமும் முடியும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவை. அந்தப் புரதத்தின் சொந்தபந்தங்கள் மார்பு, குடல், நுரையீரல் என்று பல உறுப்புகளின் செல்களிலும் உண்டு. அக்குளில் இருக்கும் நிணநீர்க் கணுவில் மட்டும் அதற்கு வேலையே இல்லை. அதனால் மார்பில் புற்றுநோய் வந்தவர்களின் கணுவைச் சீவி, கெரட்டினைத் தேடிப் பிடிக்கும் மருந்தை ஊற்றிப் பார்ப்பார்கள். எல்லாம் நீலமாக இருந்தால் நிம்மதி. எங்காவது பழுப்பு தெரிந்தால் நோய் அங்கே குடிவந்துவிட்டது என்று பொருள்.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு தையல்காரம்மாவின் கணுவில் பழுப்பு தெரிந்தது. பரவிவிட்டது என்று எழுதப் பேனாவைத் திறந்த டாக்டரம்மா, என்னவோ தோன்றி இன்னொரு முறை பார்த்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டார்.

"என்னம்மா, உன்னையே நீ அறுத்து வெச்சிருக்கே?"

அக்காவின் விரலிலிருந்து தண்ணீர்த் தொட்டியில் விழுந்த ஒரு செதில், சீவலோடு ஒட்டிக்கொண்டு ஸ்லைடுக்கு ஏறியிருந்தது. அன்றிலிருந்து சுவரில் இரண்டு விதிகள் ஒட்டப்பட்டன. ஒன்று, தொட்டிப் பக்கம் கையுறை இல்லாமல் போகக் கூடாது. இரண்டாவது பொது விதி, சொந்தக்காரர்களின் மெழுகுக் கட்டியை யாரும் தொடக் கூடாது. அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். இரண்டையும் அக்கா அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தாள், தங்கையின் கட்டி வரும்வரை.

தங்கை அவளைவிட ஒன்பது வயது சின்னவள். அம்மா போனபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அவளைப் படிக்கவைத்து, பஸ் முன்பதிவு கவுன்டரில் வேலைக்கு அனுப்புவதற்குள் அக்காவைப் பெண் கேட்டு வந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். தங்கையும் கட்டிக்கொள்ளவில்லை. இரண்டு அறை வீட்டில் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டு சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். தினமும் சாயங்காலம் அக்காவின் கைக்குக் களிம்பு தடவிவிடுவது தங்கையின் வேலை. "ஊர்ப்பட்ட தோலையும் வீட்டுலயே கொட்டு, நான் கூட்டிக்கிட்டே இருக்கேன்" என்று திட்டிக்கொண்டே தடவுவாள்.

தங்கைக்கு மார்பில் கட்டி வந்தது. எடுத்தாகிவிட்டது. கணு ஆய்வகத்துக்கு வந்தது. வழக்கமான சாயம் போட்ட முதல் ஸ்லைடைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா ஒரு சீட்டில், "ஒன்றும் தெரியவில்லை, உறுதிக்குக் கெரட்டின் பார்க்கவும்" என்று எழுதி அனுப்பினார். பெயர் இல்லை, எண் மட்டும்தான் இருந்தது. தங்கையின் எண் அக்காவுக்குத் தெரியாதா என்ன! சீட்டின் முதல் பாதியை மட்டும் வீட்டில் போய்ச் சொன்னாள்.

"ஒண்ணும் இல்லடி. சுத்தமா இருக்கு."

தங்கை அழுது தீர்த்தாள். பிறகு கவுன்டருக்குப் போன் போட்டு, திங்கட்கிழமை வேலைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு மீதிப் பாதியை எப்படிச் சொல்வது?

மறுநாள் அந்தக் கட்டியை, கூட வேலை பார்க்கும் கண்ணாடிக்காரரிடம் கொடுத்திருக்க வேண்டும். அவர் நல்ல மனுஷன்தான். சீவினால் மட்டும் துவைத்துப் பிழிந்த துணி மாதிரி மடிப்பு விழும். என் தங்கச்சியை அந்தக் கையிலா கொடுப்பது என்று அக்கா தானே உட்கார்ந்தாள். கைப்பிடியை அவசரமாகச் சுழற்றினாள். நாடா கையுறையில் ஒட்டிக் கிழிந்தது. இரண்டாவதும் கிழிந்தது. கையுறையைக் கழற்றி வைத்தாள். ஐந்தே நிமிடம்தான். வெறும் விரல்பட்டதும் நாடா சொன்னபடி கேட்டது.

சாயமேறி வந்த ஸ்லைடை டாக்டரிடம் கொடுப்பதற்குமுன் தானே மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். நீலம். நகர்த்தினாள். நீலம். ஓரத்தில் பழுப்பு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். அப்புறம்தான் கழற்றி வைத்த கையுறை ஞாபகம் வந்தது. தன் தப்பை நினைத்து இப்படிப் பூரித்துப்போன மனுஷியை அந்தக் கட்டிடம் கண்டிருக்காது. வேலை போனாலும் போகட்டும், இது என் தோலாக இருந்தால் போதும் என்று படியேறி ஓடினாள்.

"டாக்டர், கையுறை போடாம வெட்டிட்டேன். என் தோலுதான் விழுந்திருக்கு. நீங்களே பாருங்க."

டாக்டரம்மா முறைத்தார். இரண்டு பேர் சேர்ந்து பார்க்கும் மைக்ராஸ்கோப்பில் ஸ்லைடை வைத்து எதிரே உட்காரச் சொன்னார்.

"ஆமா, தோலுதான். தட்டையா இருக்கு, நடுவுல நியூக்ளியஸ் பொட்டு இல்ல, சதைக்கு மேல மிதக்குது பாரு. இதெல்லாம் திருந்தவே மாட்டீங்களா?"

"நான்தான் சொன்னேனே டாக்டர்!" அக்கா வாய்விட்டுச் சிரித்தேவிட்டாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. மைக்ராஸ்கோப்பின் குமிழை இலேசாகத் திருகினார். மேலே கிடந்த செதில் கலங்கி மறைந்தது. அதன் பக்கத்திலேயே, சதைக்குள், ஏழெட்டு செல்கள் கும்பலாகத் தெளிந்து வந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு நீலப் பொட்டு, சுற்றிலும் பழுப்பு.

"இது உன்னுது இல்லம்மா."

சந்தேகம் வேண்டாம் என்று கண்ணாடிக்காரரைக் கையுறையோடு இன்னும் ஆழத்தில் சீவச் சொன்னார் டாக்டர். சனிக்கிழமை மதியம் அது வந்தது. மூன்று மடிப்பு விழுந்திருந்தது. அக்காவின் செதில் இல்லை. கும்பல் இருந்தது, முன்னைவிடக் கொஞ்சம் பெரிதாக.

"யாரோடது?" என்றார் டாக்டர்.

"என் தங்கச்சி."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். "சின்னதுதான். மருந்து இருக்கு, பாக்கலாம்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

வீட்டில் தங்கை திங்கட்கிழமைக்கான சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டியிருந்தாள். களிம்பு டப்பாவோடு வந்து உட்கார்ந்து அக்காவின் வலது கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"என்னக்கா இது, இப்படி உரிஞ்சிருக்கு? கையுறை போடலியா?"

"போடல."

"ஏன்?"

சொன்னாள். சீட்டின் மீதிப் பாதியிலிருந்து தொடங்கி, மூன்று மடிப்பு விழுந்த ஸ்லைடுவரை எல்லாவற்றையும் சொன்னாள். வாழ்க்கையில் அவள் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. பேசி முடித்தபோது, முதல் நாளே முழுசாகச் சொல்லித் தொலைத்திருக்கலாமே, மூன்று நாள் இவளைச் சிரிக்கவைத்துவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

தங்கை அழவில்லை. அவள் விரல் மட்டும் அக்காவின் கட்டைவிரல் வெடிப்பில் அப்படியே நின்றுபோயிருந்தது. நாற்காலியில் தொங்கிய சட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"உன் தோலும் அதுவும் ஒரே கலராவா இருந்துச்சு?"

"ஒரே கலர்தான்டி."

தங்கை டப்பாவிலிருந்து இன்னும் கொஞ்சம் களிம்பை எடுத்தாள்.

"அந்தக் கையக் குடு" என்றாள்.