பனியில் தெரிகிற நீலம்

அப்பாவின் வலது கையில் இரண்டு விரல்கள் நிமிராது. 1994 மே தினத்தன்று உடைந்தவை.

அப்பா வீரய்யா ஹட்டனில் பெயர்ப்பலகை எழுதியவர். பிறந்த தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சங்கத்துக்கு அந்த ஆண்டு மே தினப் பதாகையை இலவசமாக எழுதிக் கொடுத்தார். பனிமூட்டத்தில் சிவப்பு மங்கும் என்று நீலத் துணியில் வெள்ளை எழுத்துப் போட்டார். நீலம் எதிர்ச் சங்கத்தின் நிறம். தெரிந்தேதான் போட்டார்.

"யாரைக் கேட்டுடா நீலம் போட்ட?" என்றார் சங்கத் தலைவர் மாயாண்டி.

"தூரத்துல இருந்து படிக்கணும்ல, தலைவரே."

தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியின் பிடியால் முதல் அடி வாயில் விழுந்தது. நான்கு பேர் அமுக்கிப் பிடித்தார்கள். கையைக் கல்மேல் வைத்து அடித்தார்கள். பதாகையைக் கொளுத்தினார்கள். அந்த நெருப்பில் ஒருவன் பீடி பற்றவைத்தான்.

அதன்பின் கூலியில்லாமல் அப்பா தூரிகையைத் தொடவில்லை. "கூலி குடுக்கிறவன் ஒருத்தன்தான் கொறை சொல்லுவான். சும்மா குடுத்தா தோட்டமே சொல்லும்" என்பார்.

2005இல் நாங்கள் ஐந்து பேர் தோட்டப் பள்ளிகளுக்காகத் தமிழில் ஒரு மென்பொருள் எழுதினோம். இலவசம். யாரும் எடுத்துத் திருத்தலாம். நன்றாக ஓடியது. ஆனால் எங்கே அழுத்துவதென்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. அப்பா அப்போது கணினியில் வரையப் பழகியிருந்தார். திரைகளை வரைந்து தரக் கேட்டேன்.

"சும்மாவா?"

"நாங்களும் சும்மாதாம்பா எழுதுறோம்."

மடங்கிய விரல்களைக் காட்டிச் சிரித்தார். "தாறேன். ஆனா நான் போட்ட மாதிரியே வரணும். ஒரு தடவையாவது அப்பிடி வரட்டும், புள்ள."

வரைந்த திரைகளை ஒரு குறுவட்டில் கொண்டுவந்தார். நீலமும் வெள்ளையும். எங்கள் அறையில் ஆளுக்கொரு கருத்துச் சொன்னார்கள். பச்சை நல்லது. கொழுந்துப் படம் வேண்டும். கைதூக்கச் சொல்லி முடிவெடுத்தார்கள்.

அப்பா என்னைக் காட்டி, எங்கள் ஐவரில் ஒருவனான கிஷாந்தைக் கேட்டார்: "இவ எழுதுனதுல ஒரு வரிய மாத்தணும்னா?"

"ஓட்டிப் பாப்போம் மாமா. ஓடலைன்னா மாத்த மாட்டோம்."

"என் படத்துக்கு?"

"அது எல்லாருக்கும் புடிக்கணும்ல." சொல்லிக்கொண்டே கிஷாந்த் கணினித் திரையில் நீலத்தின்மேல் பச்சையை ஊற்றினான்.

அப்பா அவன் பிடரியைப் பிடித்து முகத்தை மேசையில் மோதினார். இரண்டு முறை. பல்லொன்று விசைப்பலகைமேல் விழுந்தது. இழுக்கப்போன என் கண்ணில் அவர் முழங்கை இடித்தது.

"மாயாண்டி கத்திப் புடியால அடிச்சான். நீங்க கையத் தூக்கியே அடிக்கிறீங்களேடா!"

குறுவட்டைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

2008இல் தலவாக்கலையில் பலகை எழுதும்போது ஏறி நின்ற சாரம் சரிந்து அப்பாவின் மண்டை உடைந்தது. சவப்பெட்டியருகே கிஷாந்த் வந்து நின்றான். பல் போன இடம் இன்னும் வெறுமைதான்.

"மாமா வரைஞ்சத அப்பிடியே போட்டுருவோம்க்கா. இனி யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"செத்தாத்தான் சொல்ல மாட்டீங்களா?"

குறுவட்டை அந்த மடங்கிய விரல்களுக்குள் திணித்தேன். உள்ளே போகவில்லை. விரல்களை வலிந்து பிரித்துச் செருகினேன்.

ஆணி அடித்தார்கள்.

எங்கள் திரையை வரைய இன்றுவரை எவரும் வரவில்லை. நான் யாரையும் கேட்கவுமில்லை.