காவற்காரனின் தத்துப் பிள்ளை

ஆறு வருஷமாக நானும் அண்ணாவும் ஒரே சண்டையைப் போட்டுக்கொண்டிருந்தோம். சண்டை, ஒரு கணினி விளையாட்டில் வரும் கோட்டைக் காவற்காரனைப் பற்றியது. மாய உலகத்தில் நடக்கும் தொடர் அது. அப்போது நாலு பாகம் வந்திருந்தது. முதல் பாகத்தில் இடிந்து கிடக்கும் நகரமும் நாலாம் பாகத்துத் துறைமுகமும் ஒரே ஊர்தான் என்பது எங்கள் கட்சி. துறைமுகத்து ராஜா அந்தக் காவற்காரனின் வம்சம். இதையெல்லாம் ஒரு சார்ட் பேப்பரில் வம்ச மரமாக வரைந்து, மைசூரில் என் அறை பீரோவில் ஒட்டியிருந்தோம். ஞாயிறுதோறும் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பஸ் பிடித்து வருவான் அண்ணா.

தகராறு ஒரே ஒரு கோட்டில். காவற்காரனின் மகன் தத்துப் பிள்ளை. அங்கே முழுக்கோடு போட வேண்டும் என்றேன் நான். அண்ணா புள்ளிக்கோடுதான் போட்டான். புள்ளி என்றால் வம்சம் அங்கேயே சந்தேகம், எங்கள் கட்சியும் அம்பேல்.

நானும் தத்துப் பிள்ளைதான். எனக்கு ஐந்து வயதானபோது, பெற்றவளின் தங்கைக்கும் அவள் கணவருக்கும் என்னைக் கொடுத்துவிட்டார்கள். அண்ணா பிறந்த வீட்டிலேயே வளர்ந்தான். அவர்கள்தான் எனக்கு அம்மா, அப்பா. பெரியவர்களைச் சேவித்து எழுந்து, காதைப் பிடித்துக்கொண்டு, வம்சத்து ரிஷிகளையும் கோத்திரத்தையும் சொல்வது எங்கள் வழக்கம். அண்ணா ஒரு கோத்திரம் சொல்வான். பக்கத்தில் நின்று நான் வேறொன்று, என்னைத் தத்தெடுத்த அப்பாவுடையதை, சொல்வேன். ஆகவே நாலாம் பாகத்து ராஜா முடிசூடும்போது காவற்காரனின் குலப்பெயரைச் சொன்னதும் எனக்கு வேறு சாட்சியே தேவைப்படவில்லை. ரசிகர்களின் இணையப் பக்கத்தில் அதை எழுதினேன். வாயால் சொன்னால் ரத்தம் மாறிவிடுமா என்று எவனோ கேட்டான். ஆளாளுக்குச் சிரித்தார்கள். பதில் எழுதி எழுதிக் கை ஓய்ந்ததுதான் மிச்சம்.

அவர்கள் யாரோ, போகட்டும். அண்ணாவும் அதையே நினைக்கிறான் என்பதுதான் உறுத்தியது. அவன் கணக்கில் நான் என் அம்மாவுக்குப் பாதிப் பிள்ளை.

போன மாதம் ஐந்தாம் பாகம் வந்தது. இருவரும் ஆடி முடித்தோம். காவற்காரனைப் பற்றி ஒரு வரி இல்லை. இதற்காகவா இத்தனை வருஷம் என்று அலுப்பாக இருந்தது. பேனாவை எடுத்து அந்தப் புள்ளிகளை நானே இணைக்கப் போனேன். அண்ணா என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வேண்டாம்டா."

"ஏன், தத்து வந்தவன் உனக்குப் பிள்ளையாத் தெரியலையா?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவன் என்னைப் பார்க்கவில்லை. "சும்னே வாய்க்கு வந்ததைப் பேசாதே. சித்தி உன்னை எப்படி வளத்தாள்னு எனக்குத் தெரியாதா? அங்கே முழுக்கோடு போட்டா, பொறந்த ஆத்துக்குப் போற கோடு அழிஞ்சுடும். அந்தப் பையனுக்கு அங்கே ஒரு அண்ணா இருந்திருப்பானோ என்னவோ. அதான் புள்ளி வெச்சேன்."

ஆறு வருஷம் யாருக்காகவோ வாதாடியிருக்கிறேன். என்னைக் கொடுத்த அன்று அந்த வீட்டில் ஏழு வயதில் ஒருவன் நின்றிருப்பான் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. பேனாவை மூடினேன். அவன் இன்னும் என் கையை விடவில்லை.