உறை கழற்றிய கதிர்கள்

பத்தொன்பது வருடமாகக் கம்புக் கதிர்களுக்குக் காகித உறை மாட்டுகிறவள் என்பதால், ஆராய்ச்சிப் பண்ணையில் அவளை 'உறையக்கா' என்றே கூப்பிடுவார்கள். மாட்டுத் தீவனம் அதிகம் தரும் புது ரகத்துக்காக இரண்டு கம்பு வகைகளை இனக்கலப்பு செய்கிறார்கள். வேறு செடியின் மகரந்தம் காற்றில் வந்து பட்டால் அத்தனை பாடும் வீண்.

அன்று காலை அவள் வயலில் கால் வைத்தபோது, புது விதை தர வேண்டிய தாய்ச்செடிகள் நாற்பதும் உறையில்லாமல் ஆடிக்கொண்டிருந்தன.

"மேல அனுப்புற போட்டோல கதிர் தெரியணும்ல அக்கா, நேத்து நான்தான் கழட்டச் சொன்னேன்," என்றார் பண்ணை அதிகாரி. "திரும்ப மாட்டிடுங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

"மாட்டுக்குத் தெரியும் சார். இந்த விதைய நம்பி விதைச்சவன் வீட்டு மாடு அரை வயிறா நிக்கும்போது அவனுக்கும் தெரியும்."

"ஒரு பருவமே போயிடும்க்கா. மேல என்னைத்தான் கேப்பாங்க."

"கேக்கட்டும். கெட்டதை நல்லதுன்னு மூடி வைக்க என் கை வராது."

பெற்ற பிள்ளைபோல் காத்த கதிர்களைக் கண்ணீர் வழிய வழிய ஒவ்வொன்றாக அறுத்துப் போட்டாள். பிறகு வயல் பதிவேட்டைத் திறந்து, 'நாற்பதும் அழிவு' என்று எழுதினாள். 'காரணம்' என்றிருந்த கட்டத்தில் அதிகாரியின் பெயரை, அவர் பார்க்கப் பார்க்க, கொட்டை எழுத்தில் எழுதினாள்.