ஆடு வாய் வைக்காத செடி

விளாத்திகுளம் பக்கம் மழையை நம்பிப் பிழைக்கவனுக்கு நித்தியகல்யாணி தோதான வெள்ளாமை. கரிசல் வெடிச்சுக் கிடந்தாலும் பூத்து நிக்கும். வேலியும் வேண்டாம். எங்க ஆடுகளே மோந்து பாத்துட்டுத் திரும்பிரும். காஞ்ச இலையும் வேரும் வியாபாரிகிட்டப் போட்டா மருந்துக்குப் போகுதும்பாவ. என்ன மருந்துன்னு நான் கேட்டதே இல்ல.

போன வருசம் எம் பொண்டாட்டிக்குக் கழுத்துல கட்டி. கோவில்பட்டியில பாத்துட்டு திருநெல்வேலிக்கு அனுப்புனாவ. நெறிக்கட்டுல புத்துநோய். டாக்டரம்மா ஒரு தாள்ல மருந்துகளை எழுதிக் காட்டுனாவ.

"எல்லாம் சேந்துதான் அண்ணாச்சி நோய்ச் செல்லைக் கொல்லும். ஒண்ணு அதைப் பெருக விடாது, இன்னொண்ணு உள்ளுக்குள்ள உடைக்கும். இந்தா, இது நித்தியகல்யாணியில இருந்து எடுக்கது."

எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. நம்ம காட்டுச் செடியா! திரும்பி வரும்போது பஸ்ஸுல பக்கத்து சீட்டுக்காரர்கிட்ட எல்லாம் பெருமை அடிச்சேன்.

என் கிறுக்குப் புத்தி அதோட நின்னுச்சா? ஊசி மூணு வாரத்துக்கு ஒருக்காதான். நடுவுல சும்மா இருப்பானேன்னு பச்சை இலையைப் பறிச்சுக் கொதிக்க வெச்சு, தினமும் காலையில ஒரு தம்ளர் கொடுத்தேன். அவ மூஞ்சியச் சுளிச்சா.

"ஏட்டி, சீக்கிரம் குணமாகட்டும், குடி"ன்னு அதட்டுனேன். அவ வாந்தி எடுத்தப்பல்லாம் ஊசியாலதான்னு நெனச்சேன்.

அடுத்த ஊசிக்குப் போனா, ரத்தத்துல வெள்ளை அணு அடியோட இறங்கிக் கிடக்கு. இன்னைக்கு ஊசி கிடையாதுன்னுட்டாவ.

"தள்ளிப் போனா கட்டி திரும்பத் தலை தூக்கிரும். வீட்டுல வேற என்ன கொடுத்தீங்க?"

நான் மறைக்கப் பாத்தேன். அவ சொல்லிட்டா.

டாக்டரம்மா ஏசலை. ஏசியிருந்தாத் தேவலை.

"மூட்டை மூட்டையா இலையில இருந்து துளி மருந்தைப் பிரிச்சு, அளந்து ஏத்துதோம் அண்ணாச்சி. இலையில வேற என்னென்னமோ விசமும் சேந்து கிடக்கு. அது நல்ல ரத்தத்தையும் சேத்துக் கொல்லும். உங்க ஆடு இதைத் திங்குமா?"

"திங்காது."

அவ என்னையத் திரும்பிப் பாத்து, அந்த நெலமையிலயும் சிரிச்சா. "ஆட்டுக்குட்டிக்கு இருக்க அறிவு இந்த மனுசனுக்கு இல்லையே!"

நான் வெளிய வந்து சுவத்தைப் பாத்து அழுதேன். அவளை நானே கொன்னுருவேன் போலுக்கே.

அடுத்த பத்து நாளும் கஞ்சி, முட்டை, காய்ச்சி ஆறவெச்ச தண்ணின்னு டாக்டரம்மா சொன்னது மட்டுந்தான். அணு ஏறுச்சு. விட்ட ஊசியைப் போட்டாவ. மிச்சத்தையும் நாள் தவறாமப் போட்டு முடிச்சாச்சு. கடைசி ஸ்கேன்ல கட்டி இருந்த தடமே இல்லைன்னாவ.

செடி இப்பவும் போடுதோம். அறுத்த இலையில மண் ஒட்டியிருந்தா அவ விட மாட்டா. "யாரு உடம்புக்குப் போகுதோ, நல்லா உதறுங்க"ன்னு எல்லாரையும் விரட்டுவா.

காலையில டீயைக் கையில கொடுக்கும்போது மட்டும் தினமும் ஒரே பேச்சுதான்.

"பயப்படாமக் குடிங்க, ஆடு திங்கதுதான் போட்டிருக்கேன்."

ஊருக்குள்ள நான் முன்கோபக்காரன். ஒரு சொல் பொறுக்க மாட்டேன். ஆனா இந்தச் சொல்லை மட்டும் எனக்கு நெதமும் கேக்கணும், கிழவனாகிச் சாகுற வரைக்கும் கேக்கணும்.