குழாயை மூடுகிறவர்கள்

உலகத்தில் எந்த இரண்டு குழாயும் ஒரே அளவில் இருக்கக் கூடாது என்று யாரோ சட்டம் போட்டுவைத்திருக்கிறார்கள். வாளியக்காவுக்கு அதில் சந்தேகமே இல்லை. ஒரு வாரமாக ஆறு இடங்களில் ஆறு குழாயோடு மல்லுக்கட்டியவள் அவள். ஒன்றில் மரை வெளியே இருந்தது, இன்னொன்றில் உள்ளே. மூன்றாவதில் மரையே இல்லை.

வீடுகளிலும் கடைகளிலும் இருக்கும் மீன்தொட்டிகளுக்குத் தண்ணீர் மாற்றுவது அவள் தொழில். இருபத்திரண்டு வருடமாக வாளிதான். பாதித் தண்ணீரை மொண்டுபோய்க் கொட்டி, அதே அளவு நல்ல தண்ணீரைத் தூக்கிவந்து ஊற்ற வேண்டும். பெயர் அப்படித்தான் வந்தது, முழங்கால் வலியும் அப்படித்தான் வந்தது. எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். மகள் ஒரு நீளமான ஹோஸை வாங்கிவந்து அவள் மடியில் போட்டாள்.

"இத வச்சு செய்ய முடிஞ்சா செய்மா. இனிமே ஒரு வாளியத் தூக்கினேன்னு தெரிஞ்சுது, அன்னிக்கே வேலைய விட்டுடணும். சரியா?"

"சரிடி, சரி."

சொல்லிவிட்டாள். ஆனால் தொட்டிகள் இல்லாவிட்டால் காலையில் எழுந்து எங்கே போவது? மகள் வீட்டு டிவிக்கு எதிரே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே அவளுக்கு மூச்சு முட்டியது.

ஹோஸின் ஒரு முனையைக் குழாயில் மாட்டி, மறு முனையைத் தொட்டியில் போட வேண்டும். குழாயை வேகமாகத் திறந்துவிட்டால் அந்த வேகமே தொட்டித் தண்ணீரை இழுத்து வாஷ்பேசினில் கொட்டும். அப்புறம் குழாயில் மாட்டிய முனையில் இருக்கும் திருகை மாற்றினால், அதே ஹோஸ் வழியாக நல்ல தண்ணீர் தொட்டிக்குப் போகும். பெட்டியில் போட்டிருந்த படத்தில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே இதைச் செய்தாள். அவள் இருந்த வீட்டில் வேறு மனிதர்களே இல்லை போலும்.

ஏழாவது இடம் பல் ஆஸ்பத்திரி. இருப்பதிலேயே பெரிய தொட்டி அங்கேதான், நோயாளிகள் காத்திருக்கும் ஹாலில் இருந்தது. ஐந்து தங்கமீன்கள், ஒவ்வொன்றும் கொழுகொழுவென்று. குழாயோ நடையின் கடைசியில், கை கழுவும் அறையில். ஹோஸோடு வந்த டப்பாவைக் கவிழ்த்து, கிடைத்த பிளாஸ்டிக் இணைப்பை எல்லாம் மாட்டிப் பார்த்ததில் நான்காவது உட்கார்ந்தது. குழாயைத் திறந்துவிட்டு, காலை இழுத்து இழுத்து ஹாலுக்கு வந்தாள். தண்ணீர் ஒரு சாண் இறங்கியிருந்தது. அத்தோடு நின்றுவிட்டது.

திரும்பிப் போய்ப் பார்த்தால் குழாய் மூடியிருந்தது. வாசலில் நர்ஸ் நின்றாள்.

"யாரோ தொறந்து வச்சுட்டுப் போயிட்டாங்கக்கா. தண்ணி வீணாப் போகுது, பாருங்க."

மறுபடி திறந்தாள். ஹாலுக்கு வருவதற்குள் ரிசப்ஷன் பெண் மூடினாள். அதற்கடுத்து, பல் பிடுங்க வந்த ஒரு பெரியவர். ஓடுகிற குழாயைக் கண்டால் நல்லவர்களுக்குக் கை சும்மா இருக்காதே. பொறுப்பானவர்களாகச் சேர்ந்து ஒரு மனுஷியின் உயிரை வாங்கினார்கள். அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. ஒரு தாளில் 'குழாயை மூடாதீர்கள்' என்று கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். போதாததற்கு ஹாலில் நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

"யார் என்ன சொன்னாலும் அந்தக் குழாய மூடாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அதற்குப் பிறகு யாரும் மூடவில்லை. பாதித் தண்ணீர் வெளியே போனது. திருகை மாற்றிவிட்டு வந்து, குளோரினை முறிக்கும் மருந்தைத் தொட்டியில் விட்டு, கையை உள்ளே வைத்துக்கொண்டாள். நல்ல தண்ணீர் குளுகுளுவென்று வந்தது. வேலை தப்பித்தது என்று அப்போதுதான் முதல்முறையாக நம்பினாள்.

பிறகு விரலில் வெதுவெதுப்பு தட்டியது. அடுத்த நிமிடம் சூடு.

"குழாய மூடுங்க, யாராவது போய் மூடுங்க."

ஒருவரும் அசையவில்லை. ரிசப்ஷன் பெண் தயங்கினாள். "மூடக் கூடாதுன்னு நீங்கதானேக்கா சொன்னீங்க?"

வாளியக்கா ஹோஸை மடக்கிப் பிடித்து நெரித்தாள். அந்தக் கோடியில் பிளாஸ்டிக் இணைப்பு பட்டென்று தெறித்தது. சட்டையெல்லாம் நனைந்து பல் டாக்டர் நடையில் வந்து நின்றார்.

"கை கழுவலாம்னு போனேன். பழக்கத்துல குழாய்ப் பிடியச் சுடுதண்ணிப் பக்கம் தள்ளிட்டேன். தண்ணி வரல, நின்னு பாத்துக்கிட்டிருந்தேன், மேல தெறிச்சுடுச்சு. நான் மூடலியே."

அவள் தொட்டியைப் பார்த்தாள். மீன்கள் ஐந்தும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. குளிர்ந்த தண்ணீர் வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக, இப்போதே. இணைப்போ உடைந்துபோயிருந்தது. மூலையில் ஆஸ்பத்திரியின் வாளிகள் இரண்டு இருந்தன. அவள் கை தானாக ஒன்றின் பிடிக்குப் போனது.

அப்படியே நின்றாள். அழுகை முட்டியது. ஆத்திரத்தில் வந்த அழுகை.

"யாராவது எனக்குத் தண்ணி கொண்டுவந்து தாங்க. என்னால தூக்க முடியாது," என்றாள்.

வாயில் பஞ்சு வைத்திருந்த ஒரு தடித்த ஆள் எழுந்து வாளியை வாங்கிக்கொண்டார். நர்ஸ் மற்றதை எடுத்தாள். யாரோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட, வாளியக்கா உட்கார்ந்து கையைத் தொட்டிக்குள் விட்டுக்கொண்டாள்.

"மெதுவா. ஓரமா ஊத்துங்க. போதும், அடுத்தது."

பத்தாவது வாளிக்கு மீன்கள் அடியில் இறங்கி நீந்த ஆரம்பித்தன. பன்னிரண்டாவதைத் தூக்கிவந்தவர் பல் டாக்டர். மூச்சு வாங்கியது அவருக்கு.

"இவ்வளவு கனமா இருக்கே. இத்தன வருஷத்துல ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாமேக்கா?"

வாளியக்கா கையை வெளியே எடுக்காமலே அவரைப் பார்த்தாள்.

"இத்தன வருஷமா இதே ஹால்லதான் தூக்கினேன் டாக்டர். எல்லாரும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

அவர் தண்ணீரை ஓரமாக ஊற்றினார். காலி வாளியோடு நடைக்குள் திரும்பிப் போனார்.