காலாணி மருந்து

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அதனால் மாத்திரை அட்டையெல்லாம் என் கைக்குத்தான் வரும். இது சாப்பாட்டுக்கு முன்னாலயா பின்னாலயா, இந்தக் களிம்பு எதுக்கு என்று அம்மா கேட்பாள், தெருவே கேட்கும். போடிமெட்டுக்கு மேலே நான் சூப்பர்வைசராக இருக்கும் ஏலத்தோட்டத்திலும் இதே வேலைதான். செடிக்கு மருந்தடிக்கிற நாளில் டப்பாவின் சின்ன எழுத்தை வாசித்து, கையுறை போடுங்கள், காற்றுக்கு எதிரே நிற்காதீர்கள் என்பேன். யாரும் கேட்பதில்லை. ஆனாலும் சொல்வேன்.

அப்படிப்பட்ட நான், என் உடம்பில் பார்த்ததை ஒருவரிடமும் கேட்காமல் மூன்று மாதம் சுமந்தேன்.

ராசிங்காபுரத்தில் பெண் பார்த்துவிட்டு வந்த வாரம் அது. பெண்ணை எனக்குப் பிடித்திருந்தது. அவளுக்கும் சம்மதம் என்று தகவல் வந்த மறுநாள், குளிக்கும்போது கவனித்தேன். ஆணுறுப்பின் தோலிலும் விதைப்பையிலும் ரவை சிந்தியது போல வெளிறிய மஞ்சள் புள்ளிகள். வலி இல்லை, அரிப்பு இல்லை. தோலை இழுத்துப் பிடித்தால் நன்றாகத் தெரிந்தன, விட்டால் மங்கின.

நான் எந்தப் பெண்ணையும் தொட்டவனில்லை. ஆகவே சந்தேகம் வேறு பக்கம் போனது. போன மழைக்காலத்தில் மருந்தடிக்கும்போது ஓஸ் குழாய் பிய்த்துக்கொண்டு இடுப்புக்குக் கீழே முழுக்க நனைந்திருந்தேன். மாற்றுத் துணி இல்லாமல் சாயங்காலம் வரை அதே ஈரத்தோடு நின்றேன். அதுதான் இது என்று முடிவு கட்டினேன். வேறு மாதிரி நினைக்க எனக்கு வரவில்லை. நாள் முழுக்க நான் பார்ப்பது காயின் தோலைத்தான். இலைப்பேன் என்கிற பூச்சி கடித்த ஏலக்காயில் சொறி விழும். தட்டில் கொட்டிய குவியலில் பத்தடி தள்ளி நின்றே அதைக் கண்டுபிடித்துத் தனியே ஒதுக்கிவிடுவேன். உள்ளே ஏல அரிசி நன்றாகத்தான் இருக்கும். இருந்தாலும் தோலில் புள்ளி விழுந்தால் அது கழிவுதான். இந்தக் கண்ணோடுதான் தினமும் குளியலறையில் என்னைப் பார்த்தேன்.

செல்போனில் தேடினேன். ஒட்டுகிற நோய் என்று வந்த படங்களைப் பார்த்தபின் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அம்மா போன் செய்தாள்.

“பொண்ணு வீட்டுல நிச்சயத்துக்கு நாள் கேக்குறாகப்பா.”

“காய் எடுப்பு நடக்குதும்மா. பெறகு பாப்போம்.”

“நீ இல்லாட்டி செடி காய்க்காதாக்கும்? ஒரு நா லீவு போட முடியாதா?”

அடுத்த வாரமும் அதையே கேட்டாள், அதையே சொன்னேன். பொய் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. கட்டிக்கொள்ளப் போகிறவளுக்கு ஒட்டிவிடுமோ, பிள்ளைக்கு வருமோ என்று நினைத்து நினைத்துப் படுத்தால், காலையில் எழுந்ததுமே உடம்பு வேலை செய்து முடித்தது போல இருக்கும்.

போடி மருந்துக்கடையில் எல்லாரும் தெரிந்தவர்கள். அதனால் தேனிக்குப் பஸ் ஏறி, தோலை உரித்தால் புள்ளியும் போய்விடும் என்று, அங்கே ஒரு கடையில் காலாணி மருந்து கேட்டேன். கடைக்காரர், “கால்ல எந்த எடத்துல தம்பி?” என்றார். “குதிகால்ல” என்றேன். செருப்பைக் கழற்றச் சொல்லிவிடுவாரோ என்று பயந்து வெரசாக வெளியே வந்தேன். டப்பாவில் சின்ன எழுத்தில் இருந்ததை வாசிக்காமல் இல்லை. முகத்திலும் பிறப்புறுப்பிலும் போடக்கூடாது என்று தெளிவாகவே எழுதியிருந்தது. ஊருக்கெல்லாம் வாசித்துச் சொல்கிறவன், வாசித்துவிட்டே போட்டேன்.

மூன்றாம் நாள் தோல் வெந்து உரிந்தது. ஜீப்பில் மலையேறும்போது ஒவ்வொரு வளைவிலும் உயிர் போய் வந்தது. ஜீப் ஓட்டுகிறவன் என் கூட்டாளி. கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

“என்ன மாப்ளே, நெளியுற? மூலமா?”

பின்னால் இருந்த காய் எடுக்கும் அக்கா விடவில்லை. “அட சும்மா இருப்பா. கல்யாணம் பேசி முடியிறதுக்குள்ள புதுமாப்பிள்ள நடை பழகுறாரு சூப்பரவைசரு.”

ஜீப்பே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

அன்று மத்தியானம் அம்மா மறுபடி அழைத்தாள். இந்தத் தடவை குரலில் கோபம்கூட இல்லை.

“ஞாயித்துக்கெழமைக்குள்ள பதில் சொல்லணுமாம். இல்லாட்டி வேற எடம் பாத்துக்கிறோம்ங்கிறாக. பிடிக்கலைன்னா சொல்லிருப்பா. நான் பாத்துக்கிறேன்.”

பிடிக்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. சனிக்கிழமை தேனிக்குப் போய்த் தோல் மருத்துவரைப் பார்த்தேன். கூட்டாளிதான் போடியிலிருந்து ஜீப்பில் கூட்டிப்போனான்; மூலம் என்றே அவனிடம் சொல்லியிருந்தேன்.

மருத்துவர் நடுவயதுக்காரர். திரையை இழுத்துவிட்டு விளக்கைத் திருப்பிப் பார்த்தார். பார்த்ததும் முகம் சுளித்தார்.

“என்னத்தப் போட்டீங்க?”

சொன்னேன்.

“படிச்சிருக்கீங்களா?”

“பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி சார்.”

அவர் நிமிர்ந்து என்னை ஒரு தடவை பார்த்தார். அதுவே போதுமாக இருந்தது. வேறு பெண்களோடு பழக்கம் உண்டா, புண், ஒழுக்கு ஏதாவது இருந்ததா என்று வரிசையாகக் கேட்டார். இல்லை என்றேன். மருந்து படாத பக்கத்தை மறுபடி நிதானமாகப் பார்த்தார்.

“இந்தப் புள்ளி எப்ப இருந்து?”

“மூணு மாசமா சார்.”

“மூணு மாசமாத்தான் நீங்க பாத்திருக்கீங்க. அது வயசுக்கு வந்ததுல இருந்தே இருந்திருக்கும். தோலுக்குள்ள இருக்கிற எண்ணெய்ச் சுரப்பி. அங்க தோலு மெல்லிசா இருக்கிறதால வெளிய தெரியுது. நெறைய ஆம்பளைகளுக்கு இருக்கு.”

“பூச்சிமருந்து...”

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.”

“ஒட்டுமா சார்? கல்யாணம்...”

“ஒட்டாது. தாராளமா பண்ணுங்க. இந்த வெந்த புண்ணு மட்டும் ஆறட்டும். புதுசா வலி, புண்ணு, கட்டி எதுவும் வந்தா நீங்களா எதையும் போடாம இங்க வாங்க.” களிம்பு எழுதிக்கொண்டே சொன்னார்: “சில பேருக்கு உதட்டுலகூட இதே புள்ளி இருக்கும். அதுக்கு யாரும் காலாணி மருந்து போடுறதில்ல.”

வெளியே வந்து ஜீப்பில் உட்கார்ந்தேன். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. மூட்டையை இறக்கிய பிறகும் கொஞ்ச நேரம் தோள் வலிக்குமே, அப்படி இருந்தது. கூட்டாளி டீயை நீட்டிவிட்டு, தன் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனான். அவனுடைய மேலுதட்டின் ஓரத்தில், வெயில் பட்ட இடத்தில், அதே ரவைப் புள்ளிகள். பத்து வருஷமாகப் பார்க்கிற முகம்.

“என்னடா மாப்ளே, மூஞ்சியவே பாக்குற? டாக்டரு என்ன சொன்னாரு?”

“ஒண்ணுமில்லன்னாரு.”

“ஒண்ணுமில்லாததுக்கா இம்புட்டு நாளா பேயறஞ்ச மாதிரி இருந்த?”

அம்மாவுக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டாம், இப்போதே சரி என்று சொல்லிவிடு என்றேன்.

“இத முன்னாலயே சொல்றதுக்கென்னடா?” என்றாள் அம்மா.

போடி வரும்வரை தூங்கிக்கொண்டே வந்தேன்.