காவலாளி எடுத்த அழைப்பு

எங்கள் பட்டாசு ஆலை வாசலில் எல்லோருடைய செல்போனையும் வாங்கி வைக்கும் காவலாளி ஒடிசலானவர். எந்தப் போன் அடித்தாலும் தொடவே மாட்டார். அன்று என்னுடையதை எடுத்திருந்தார். பிரான்சில், கிரெனோபிள் என்ற மலைநகரில் படிக்கும் என் மகள்தான் அழைத்திருக்கிறாள்.

"கோவிச்சுக்காதீக மேடம், விடாம அடிச்சுச்சு. நேத்து பாப்பா கிளாஸ்ல மயங்கி விழுந்துருச்சாம். ரெண்டு நாளா சாப்பிடலயாம். கூடப் படிக்கிற புள்ள அந்த ஊர்ப் பலகாரம் குடுத்திருக்கு. உருளைக்கிழங்கச் சீவிப் பால்ல வேகவச்சதாம், உறைப்பே இல்லயாம். மொளகுப்பொடியத் தூவித் தின்னுத்தா, நான் லைன்லயே இருக்கேன்னேன். முழுசும் தின்னுருச்சு."

சொல்லிவிட்டு, லோடு லாரிக்குக் கேட்டைத் திறக்கப் போய்விட்டார்.

முகம் தெரியாத அவரிடம் எப்படிச் சொன்னாள்? என்னிடம் தினமும் "சாப்பிட்டாச்சும்மா" என்பாள். நானும் சரியென்று போனை வைத்துவிடுவேன்.